டீ கெட்டில் வரைக்கும் மின்னல் வேகம்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: கொடுத்தார்களா இல்லையா என்று வாங்கினவருக்கே கடைசிவரை சந்தேகமாக இருக்கும். பிளஸ் டூ பரீட்சை முடிந்து காலேஜ் திறக்கிற வரைக்கும் சும்மா கிடந்த மாதங்களில், போர்ட் பிளேரில் வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கிற ஒரு கடையில் போன் எடுக்கிற வேலை பார்த்தேன். கேபிள் டிவி கடையாக இருந்து, ஒரே நாளில் போர்டு மாற்றி இன்டர்நெட் கடையானது அது. முதலாளி குணா சார். வயர் இழுக்க ராவ் அண்ணன். போனுக்கு நான், புவனா.

என்னை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்றால், எனக்கு எந்தக் குரலும் வரும். சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து வந்து தகர ஷெட்டில் வளர்ந்தவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் வங்காளி வீடு, இந்தப் பக்கம் தெலுங்கு வீடு, எதிரே மலையாளி வீடு. எல்லார் சண்டையும் எனக்கு மனப்பாடம். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஸ்கூல் மைக்கில் அரைநாள் லீவு விட்டு, நாலு வகுப்பு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் மாட்டிக்கொண்டேன். இந்தப் புகழ் குணா சார் காதுக்கும் போயிருந்தது. திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே சோறு ஆறிப்போன சொந்தங்களே, உங்கள் போனை எடுத்து ஏமாற்றியது என்னைப் போல ஒருத்திதான். ஆத்திரம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நான்தான் மெஷின்

பெரிய கம்பெனிகளுக்கு போன் செய்தால் ஒரு பெண் குரல், “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று சொல்லி, வீணை வாசித்து, நம்மை நிற்க வைத்துக் கொல்லும். அந்த மெஷினை வாங்க குணா சாருக்கு மனம் வரவில்லை. லைன் நெருக்கடியானால் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவார். உடனே நான் மெஷின். “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். ஹிந்தி கே லியே தோ தபாயே.” அவர்களும் பக்தியோடு அழுத்துவார்கள். கீங் என்று என் காதில் விழும். பிறகு மூக்காலேயே வீணை. சொல்ல வெட்கமில்லை, முதல் வாரம் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜங்லிகாட்டிலிருந்து ஒரு போஸ்ட் ஆபீஸ்காரர். மூன்று நாளாக அவருக்கு நெட் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ராவ் அண்ணனை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். குணா சார் இரண்டு விரலைத்தான் காட்டினார். பத்து நிமிஷம் வீணை வாசித்தேன். மூக்கு என்ன கல்லா? “தயவுசெய்து காத்திருக்கவும்” என்கிற இடத்தில் பலமாகத் தும்மிவிட்டேன். அப்புறம் அவர் நிதானமாகக் கேட்டார்: “மெஷினுக்கே சளி பிடிச்சிருச்சா? அப்புறம் நெட்டு எங்கேருந்தும்மா வரும்?”

ஆம்பளை இல்லையா?

ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர். போனை எடுத்ததும் பேரைக்கூடச் சொல்லவில்லை. ஆம்பளை யாராவது இருந்தால் கொடு என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டதற்குப் பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது, உனக்குச் சொன்னால் புரியாது என்றார். பீரோவை நகர்த்தினீர்களா, அதன் பின்னால் வயர் மடிந்திருக்கும், ஃபைபர் என்பது உள்ளே கண்ணாடி இழை, மடித்தால் வெளிச்சம் போகாது என்று பொறுமையாகச் சொன்னேன். ஆம்பளையைக் கொடு என்றார்.

ராவ் அண்ணன் அப்போது ஹேடோவில் ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். போனை மேஜையில் வைத்து, நாற்காலியைச் சத்தமாக இழுத்து, தொண்டையை ஒரு படி இறக்கி, “ஹாங் சார், ராவ் பேசறேன், போலியே, சொல்லுங்க” என்று ஆரம்பித்து, முதலில் சொன்ன அதே வாக்கியங்களை வரிசை மாறாமல் மறுபடி சொன்னேன். பீரோ நகர்ந்த சத்தம் கேட்டது. லைட் பச்சையானது. பிறகு அந்தப் பெண்ணிடம் கொடுங்கள் என்றார். என் குரலுக்குத் திரும்பி வந்தேன். அவர் சொன்னது: “பாத்தியாம்மா, தெரிஞ்சவங்க சொன்னா ஒரு நிமிஷ வேலை. நீயும் அவர்கிட்ட உக்காந்து கத்துக்க.”

ஃபிளைட் ஏறிய சாதிக் மாமா

எங்களிடம் மூன்று பிளான். பேர் வைத்தது குணா சார்: டிங்கி என்கிற சின்னப் படகு, ஷிப், ஃபிளைட். இந்த ஊர்க்காரனுக்கு விளக்கமே தேவையில்லை, பேரைக் கேட்டதும் தன் தகுதி எது என்று தெரிந்துவிடும் என்பது அவர் வியாபார மூளை. சாதிக் மாமா பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் நஸ்ரின் ஆறாவதிலிருந்து எனக்குப் பக்கத்து சீட். மெயின்லேண்டில் மீன்வளம் படித்தே தீருவேன் என்று நின்றாள். அதற்கு நெட்டில் கவுன்சலிங். மூன்றே நாள் திறந்திருக்கும். கேட்கிற காலேஜ்களை வரிசைப்படுத்தி, மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்துக்குள் பூட்டிவிட வேண்டும். விட்டால் ஒரு வருஷம் போச்சு. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு பஜார் நெட் சென்டரில் வரிசையை மாற்றி அடித்துவிட்டார்கள். அவன் எந்தக் காலேஜை வேண்டாம் என்றானோ அதில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதனால் மாமா வீட்டிலேயே ஃபைபர் போட முடிவு செய்தார்.

எந்தப் பிளான் தாயி என்று என்னைத்தான் கேட்டார். நான் குணா சார் குரலில், தொப்பையைத் தடவிக்கொண்டே, “படிக்கிற பிள்ளைக்கு ஃபிளைட்தான் சார்” என்றேன். நஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். ராவ் அண்ணன் பெட்டியை மாட்டி, வழக்கம்போல எங்கள் கடையின் ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தைத் திறந்து பட்டனைத் தட்டினார். முள் எகிறி வலது கோடியில் போய் முட்டி நின்றது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “நம்ம வீட்டுக்கும் மெயின்லேண்டுக்கும் நடுவுல கடலே இல்லாத மாதிரியில்ல இருக்கு!”

கெட்டில் பக்கத்துப் பெட்டி

ஒரே வாரத்தில் ஃபிளைட்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாயங்காலமானால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. டெஸ்ட் போட்டால் மட்டும் முள் வலது கோடியில். அது எப்படி என்று ராவ் அண்ணனைக் குடைந்தேன். அவர் என்னைப் பின்அறைக்கு அழைத்துப் போனார். அங்கே மர ஷெல்ஃபில், டீ போடுகிற கெட்டிலுக்குப் பக்கத்தில், தூசி படிந்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். டெஸ்ட் பக்கம் குடியிருப்பது அதில்தான். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கிளம்பி, கண்ணாடி இழை வழியே வந்து, இந்தக் கெட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிற வேகத்தைத்தான் முள் காட்டுகிறது. மெயின்லேண்டுக்கு அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கெட்டிலுக்கு அப்புறம்? குன்றின் மேல் இருக்கிற டிஷ். அங்கிருந்து வானத்துக்கு, சாட்டிலைட்டுக்கு, பிறகு சென்னைக்கு. அந்த சாட்டிலைட்டில் எங்கள் கம்பெனி வாங்கி வைத்திருப்பது ஒரு சின்னத் துண்டு. டிங்கி, ஷிப், ஃபிளைட் எல்லோரும் அந்த ஒரு துண்டில்தான் ஏற வேண்டும். ஃபிளைட் டிக்கெட் கொடுத்து ஜனங்களை ஹார்பருக்கு வரவைத்து, கப்பல் ஏறுகிற ஒரே கேங்வேயில் முண்டியடிக்க விடுகிற வேலை. கடலுக்கு அடியில் கேபிள் வரப்போகிறது என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். அதுவரைக்கும் இதுதான் கதி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குணா சார் குரலில் சொன்னது விளையாட்டாக இருக்கலாம். சாதிக் மாமா கேட்டது என் முகத்தைப் பார்த்து. இது பொய்தானே அண்ணா என்று ராவ் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கெட்டிலை எடுத்து கிளாஸில் டீ ஊற்றினார். “பொய் இல்லம்மா. அவங்க வீட்டுலேருந்து இந்தக் கெட்டில் வரைக்கும் எல்லாம் சச், நெசந்தான்.”

ரெண்டு இஞ்ச் பைப்

மழை இன்னும் பிடிக்கவில்லை. ஊரில் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். மரைன் ஹில்லிலிருந்து தத்தா ஆன்ட்டி வந்தார், துறைமுக ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். லீவுக்குப் பேரன் வருகிறானாம், டிங்கியிலிருந்து ஃபிளைட்டுக்கு மாற வேண்டுமாம். எதிரே குணா சார் உட்கார்ந்து பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கெட்டில் விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நோட்டீஸின் அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி அச்சடித்திருப்பார்களே, அதை மட்டும் மெஷின் குரலில், ஹிந்தியில், தெளிவாக வாசித்தேன்: இது அதிகபட்ச வேகம், எந்நேரமும் இதே வேகம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, மாதத்துக்கு உண்டான அளவு தீர்ந்துபோனால் வேகம் குறைக்கப்படும்.

பேரன் இரண்டு சினிமா பார்த்தால் அளவு தீர்ந்துவிடும் அல்லவா என்று கேட்டார். தலையாட்டினேன். ஃபிளைட் எடுத்தால் சாயங்கால நெருக்கடியில் எனக்கு வழி விடுவார்களா என்றார். நான் கூரையைப் பார்த்தேன், கூரைக்கு அப்பால் சாட்டிலைட்டைப் பார்க்கிற மாதிரி. நாற்பது வருஷம் கப்பல் அட்டவணையோடு மல்லுக்கட்டியவருக்கு அதுவே போதும். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். குணா சாருக்குக் கேட்கிற மாதிரி அவர் ஹிந்தியில் கேட்டதன் தமிழ் இது: “போன வருஷம் வீட்டுக்கு ரெண்டு இஞ்ச் பைப் போட்டேன், மகளே. அதுக்காக டேம்ல தண்ணி ஏறிச்சா?”

ஹோல்டில் ஒரு வீடு

கவுன்சலிங்கின் இரண்டாம் நாள். சாயங்காலம் நாலு மணி, நல்ல மழை. மழை வந்தால் டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். எல்லா லைனும் அலறின. குணா சார் இரண்டு விரலைக் காட்டினார். மெஷின் ஆனேன். அடுத்த லைனை எடுத்து, தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லி, வீணையை ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒன்றை அழுத்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு போனைக் கீழே வைத்துவிட்டார்கள். பின்னால் பேச்சு கேட்டது. சாதிக் மாமா வீடு.

காலேஜ் லிஸ்ட் பாதியில் வந்து நிற்கிறது என்றாள் நஸ்ரின். முதல் நாள் முழுக்க முயன்று நாலே நாலு காலேஜ் பேர்தான் வந்ததாம், பிறகு வெளியே தள்ளிவிட்டதாம். நெட் சென்டருக்கே போய்விடலாமே என்றது அவள் அம்மா. அங்கேயும் இதே கடை லைன்தான் என்றார் மாமா. நாளைக்கு ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது, இது பெரிய பிளான், வந்துவிடும் என்றார். அவர் குரலில் அந்த “பெரிய பிளான்” என்பதைக் கேட்க எனக்குக் காது கூசியது. ஆனாலும் மூக்கு பழக்கத்தில் வீணையை வாசித்துக்கொண்டே இருந்தது. நஸ்ரின் போனுக்குப் பக்கத்தில் வந்தாள். அழுது முடித்த குரல். “வெச்சிருங்க அத்தா, இது வெறும் மெஷின். புவனா அங்க இருந்திருந்தா இந்நேரம் எடுத்திருப்பா.”

அஞ்சு மணி வெளிச்சம்

கடை மூடியதும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் சொந்தக் குரலில் பேச வேண்டியிருந்தது. ரொம்ப நாள் போடாத செருப்பைப் போல அது கடித்தது. கெட்டில், டிஷ், சாட்டிலைட், ஒரே துண்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஊர் முழுக்க முழித்திருக்கும்போது ஒருவருக்கும் கிடைக்காது, ஊர் தூங்கும்போதுதான் அந்தத் துண்டு காலியாக இருக்கும், நம் ஊரில் ஐந்து மணிக்கே வெயில் வந்தாலும் நெட்டைத் தொடுகிறவர்கள் ஏழு மணிக்கு முன் எழுவதில்லை, மழையும் விடியற்காலையில் விட்டுவிடும் என்று சொன்னேன். காலேஜ் வரிசையை இன்றே பேப்பரில் எழுதி வை, திரையைப் பார்த்து யோசிக்காதே என்று நஸ்ரினிடம் சொன்னேன். மாமா கடைசிவரை கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அப்படியானால் டிங்கியே போதுமாயிருந்ததா என்று. ஆமாம் மாமா என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் விடியலில் நான் போனபோது தொழுகை முடித்து எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்குப் பெண் அழைக்க வந்தவர்கள் மாதிரி. பக்கம் திறந்தது. லிஸ்ட் தலையிலிருந்து கால் வரை வந்தது. நான் பேப்பரைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒவ்வொரு காலேஜாக வாசிக்க, நஸ்ரின் பன்னிரண்டையும் அடித்துப் பூட்டினாள். ரசீது அச்சாகி வந்தபோது அம்மா வைத்த டீயில் ஆடைகூடப் படியவில்லை. ரசீதை மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இத்தனை குரல் பேசுறியே, இந்த உண்மையை இவ்வளவு நாளா எந்தக் குரல்லடி ஒளிச்சு வெச்சிருந்தே?”

காலியாக இருக்கிற சரக்கு

மாமா நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வருகிற தொல்லைக்கு அளவில்லை. பஜாரில் நாலு பேர் நடுவே குணா சாரைக் கட்டிப்பிடித்து, உங்கள் கடைப் பிள்ளை சொன்ன காலை ஐந்து மணி யோசனையால்தான் என் மகள் தப்பித்தாள் என்று சொல்லிவிட்டார். கெட்டிலைப் பற்றி மூச்சு விடவில்லை, அது அவர் பெருந்தன்மை. வேலை போச்சு என்று நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குணா சார் வந்தார், என்னைத் தட்டிக்கொடுத்தார், பிரஸ்ஸுக்கு போன் போட்டார். இரண்டே நாளில் ஊர் சுவரெல்லாம் நோட்டீஸ்: சன்ரைஸ் ஆஃபர், காலை ஐந்து மணிக்கு அதிவேகம், ஃபிளைட் பிளானில் மட்டும்.

எனக்கு வந்த கோபத்தில் வேறு எந்தக் குரலும் வரவில்லை, என் குரல்தான் வந்தது. சார், அது நாம் கொடுக்கிற வேகமே இல்லை, ஆள் இல்லாததால் கிடைக்கிறது, டிங்கிக்காரருக்கும் அதேதான் கிடைக்கும், அதை எப்படி விற்பீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஐந்து மணிக்கு எழுந்தால் ஐந்து மணியும் சாயங்காலமாகிவிடாதா என்றும் கேட்டேன். அவர் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: “காலியா இருக்கிறத யாருக்கும் சொல்லலைன்னா அது வெறும் காலி. சொல்லிட்டா அதுக்குப் பேருதான் ஆஃபர்.”

கண் மூடிய பிள்ளை

நஸ்ரினுக்கு அவள் இரண்டாவதாக எழுதிய காலேஜ் கிடைத்தது. ஹேடோ ஜெட்டியில் கப்பல் ஏறும்போது, அத்தாவைப் பார்த்துக்கொள், காலை ஐந்து மணிக்கு வீடியோவில் வருவேன் என்று என்னிடம் பொறுப்பு கொடுத்துவிட்டுப் போனாள். முதல் வாரம் வந்தாள். மாமா தினமும் ஐந்து மணிக்கு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். இரண்டாம் வாரம் நோட்டீஸ் வேலை செய்ய ஆரம்பித்தது. மரைன் ஹில்லிலிருந்து ஜங்லிகாட் வரைக்கும் ஊரே ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பல்கூட விளக்காமல் பட்டனைத் தட்டியது. பாலுக்கு நிற்கிற வரிசையை விட நெட்டுக்கு நிற்கிற வரிசை பெரிதானது.

என் கடைசி நாள் வேலை. லைன் நெருக்கடி. குணா சார் இரண்டு விரலைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி எடுத்து, “புவனா பேசுறேன், சொல்லுங்க” என்றேன். சாதிக் மாமா. கோபிக்கவில்லை, புகார்கூட இல்லை. நெட் எப்படி இருக்கிறது மாமா என்று நானேதான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னார்: “நேத்து பேசிக்கிட்டிருக்கும்போது புள்ள கண்ணை இமைச்சுது தாயி, அந்த நேரம் பாத்துப் படம் நின்னுபோச்சு. அணைக்க மனசு வரல. தூங்குற புள்ளையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

ஊரையே விடியற்காலையில் எழுப்பிவிட்டு, ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கண் மூட வைக்கிற வேகத்துக்குத்தான் எங்கள் கடையில் ஃபிளைட் என்று பேர்.